எடை தாங்கும் கால்

அசையக் கூடாது என்று யாராவது சொன்ன மறுகணமே மூக்கின் இடது பக்கம் அரிக்கத் தொடங்கிவிடுகிறது. இத்தனை வருஷமாக அந்த மூக்கு அங்கே இருந்ததே சகாயராணிக்கு ஞாபகமில்லை. அரிக்கட்டும். மூக்குக்கு இடம் கொடுத்தால் அடுத்து கழுத்து கேட்கும், முதுகு கேட்கும், கடைசியில் உடம்பு மொத்தமும் சேர்ந்து நாற்காலி கேட்கும், அந்த நாற்காலிப் பேச்சையே இன்றைக்குக் காதில் போட்டுக்கொள்வதாக இல்லை அவள். ஞாயிற்றுக்கிழமை மதியம். திருச்சி தில்லை நகரில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடி. கீழே பப்ஸ் வேகிற வாசனை படியேறி வந்து வயிற்றைக் கிள்ளுகிறது. அரைவட்டமாகப் போட்ட ஸ்டூல்களில் எட்டுப் பத்துப் பேர் மடியில் பலகையும் கையில் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் ஒரு சாண் உயர மர மேடை, அதன் மேல் அவள். கார்ட்டூன் படங்களுக்கும் மொபைல் விளையாட்டுகளுக்கும் பாத்திரங்களை உருவாக்கச் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு. பாத்திரம் உருவாக்க முதலில் மனுஷ உடம்பு வரையத் தெரியவேண்டும், உடம்பு வரைய யாராவது ஒருத்தர் எதிரில் நிற்கவேண்டும், வெளியிலிருந்து ஆள் கூப்பிட இங்கே தோதுப்படாது, அதனால் வாரம் ஒருத்தராக மாணவர்களே ஏறி நிற்பது வழக்கம். வரிசையில் அவள் பெயர் இரண்டு தடவை வந்து இரண்டு தடவையும் சத்தமில்லாமல் போய்விட்டது. அடுத்து ரியாஸ் என்பார் இளங்கீரன் சார், ரோட்டில் குழியைப் பார்த்து வண்டியை ஒடிக்கிற மாதிரி அவளைச் சுற்றிக்கொண்டு. இன்றைக்கும் ‘அடுத்து’ என்று வாயைத் திறந்தார், அதற்குள் இவள் எழுந்துவிட்டாள். “இன்னிக்கு நான் நிக்கிறேன் சார்.” “உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்? வேணும்னா சேர் போட்டு உக்காந்த மாதிரி ஒரு போஸ் வெச்சுக்கலாம்.” “எல்லாரும் நின்னாங்கள்ல சார். நானும் நிக்கிறேன்.” அவரைவிட இவளுக்கு ஏழெட்டு வயது கூட, ஆகையால் அவருக்கு இவள் அக்கா, சொல்லிக்கொடுக்கிறவர், ஆகையால் இவளுக்கு அவர் சார். இரண்டு மரியாதையும் மோதிக்கொண்டதில் சார்தான் வழிவிட்டார். செல்போனில் அலாரம் வைத்துவிட்டு, அது அடிக்கிற வரைக்கும் அசையாதீங்கக்கா என்றார்.

அசையாமல் இருப்பதில் அவளுக்கு அனுபவம் போதாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. மூன்று வயதில் ஒரு காய்ச்சல் வந்தது, போகும்போது வலது காலைப் பாதி வளர்த்தியில் நிறுத்திவிட்டுப் போனது. அந்தக் காலின் இரண்டு பக்கமும் எஃகுக் கம்பி, தொடையில் ஒரு தோல் பட்டை, முட்டிக்குக் கீழே ஒரு தோல் பட்டை, அடியில் கனத்த அட்டை வைத்து உயர்த்தித் தைத்த கறுப்பு பூட்ஸ். காலிப்பர் என்று இதற்குப் பெயர். எழுந்து நின்றதும் முட்டியில் இருக்கும் வளையத்தைக் கீழே தள்ளினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும், அப்புறம் அந்தக் கால் மடங்காது. வழக்கமாக அதன்மேல் தொளதொளவென்று பட்டியாலா போட்டு மூடிக்கொண்டுதான் வருவாள். இன்றைக்கு இறுக்கமான லெக்கின்ஸ் போட்டு, அதற்கு மேலே காலிப்பரை மாட்டி, குட்டையான ஒரு டாப்ஸையும் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறாள். “இப்படியேவாடி போகப்போற?” என்று கேட்டாள் அம்மா. “எப்படியே?” என்று திருப்பிக் கேட்டாள் இவள். அந்த வீட்டில் அதற்கு ஒரு சொல் கிடையாது, முப்பத்துமூன்று வருஷமாக அது ‘அப்படி’, ‘இப்படி’, ‘உனக்கு இருக்கிற மாதிரி’ என்றே போய்க்கொண்டிருக்கிறது. இப்போது பென்சில்கள் தாளில் கீறுகிற சத்தம் கேட்கிறது. கட்டாந்தரையில் கோழி கிளறுகிற மாதிரி ஒரு சத்தம். கிளறுங்கள், நன்றாகக் கிளறுங்கள், எல்லாவற்றையும் வெளியே எடுத்து வையுங்கள், இன்றைக்கு நானே கொண்டுவந்து உங்கள் எதிரில் நிறுத்தியிருக்கிறேன். எடை முழுவதும் இடது காலில். இடது இடுப்பு மேலே ஏறியிருக்கிறது, வலது இடுப்பு இறங்கியிருக்கிறது, அதைச் சரிக்கட்ட இடது தோள் தாழ்ந்திருக்கிறது, நடுவில் முதுகெலும்பு சும்மா இருக்குமா, அது இரண்டுக்கும் பஞ்சாயத்துப் பண்ணி ஒரு வளைவு வளைந்திருக்கிறது. கண்ணாடி வேண்டியதில்லை, ஒவ்வொரு எலும்பும் எங்கே நிற்கிறது என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும்.

ஒன்பது வயதில் பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அவளைச் சட்டையில்லாமல் சுவரோரம் நிறுத்தி, சுற்றி நின்ற படிக்கிற பிள்ளைகளுக்கு ஸ்கேலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்: இடுப்பு ஒரு பக்கம் ஏறுது பாருங்க, தோள் எதிர்ப்பக்கம் இறங்குது பாருங்க, நடுவுல முதுகு வளையுது, நோட் பண்ணிக்கங்க. நோட் பண்ணிக்கொண்டார்கள். அந்த ஸ்கேல் ஜில்லென்று இருந்தது, இப்போது நினைத்தாலும் முதுகில் அந்த இடம் தனியாகக் குளிர்கிறது. ரொம்ப வருஷம் கழித்து இந்த மாடியில், சேர்ந்த புதிதில், இளங்கீரன் சார் போர்டில் ஒரு பெண் உருவத்தைப் போட்டுவிட்டு அதே வாக்கியத்தைச் சொன்னார். “எடை தாங்குற கால் பக்கம் இடுப்பு ஏறும், தோள் இறங்கும், நடுவுல முதுகு வளையும். இதான் அழகு. கழுத்துக்குழியிலேர்ந்து ஒரு நூல விட்டீங்கன்னா எடை தாங்குற குதிகால்ல போய் விழணும். ரெண்டு கால்லயும் சமமா எடைய வெச்சு வரைஞ்சீங்கன்னா அது பரேடு போலீஸ். செத்த படம். உயிர் வேணும்னா சாயணும்.” சகாயராணி பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். பக்கத்து ஸ்டூல் தர்ஷினி, ப்ளஸ் டூ முடித்துவிட்டு வந்த பெண், என்னக்கா என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள். என்னவென்று சொல்வது. ஆஸ்பத்திரியில் கோணல் என்று எழுதிக் கொடுத்ததை இங்கே அழகு என்று போர்டில் எழுதிப் போட்டிருக்கிறார்கள், இரண்டு பேருமே வாத்தியார்கள், எந்த வாத்தியாரை நம்புவது. அன்று முதல் இந்த வகுப்பை அவள் ஒரு நாளும் தவற விட்டதில்லை. கீர்த்தனா நின்றபோது சார் கெஞ்சினார், இன்னும் சாயும்மா, ஒரு காலைத் தளர்த்தும்மா, கட்டை மாதிரி நிக்காதே. தர்ஷினிக்கு இடுப்பை எப்படி ஒரு பக்கம் தள்ளுவது என்று அவரே நின்று காட்டினார், வகுப்பே சிரித்தது. நேரான உடம்புகளுக்கெல்லாம் சாயச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

எதிர்ச் சுவரில் ஓர் ஆணியைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள், கண் அலையாமல் இருக்க. ஆணிக்குப் பக்கத்தில் ஒரு சார்ட், ஒரு மனுஷ உருவத்தைத் தலை தலையாக அளந்து காட்டியிருக்கிறது, கதாநாயகன் எட்டுத் தலை உயரம், சாதாரண ஆள் ஏழு, குழந்தை நாலு. கீழே மூன்று வடிவங்கள். வட்டம் சாது, சதுரம் பலசாலி, முக்கோணம் வில்லன். அவளுடைய மரகதம் இந்த மூன்றிலும் அடங்க மாட்டாள். மரகதம் ஒரு திருடி. பாடத்தின் முடிவில் ஆளுக்கொரு பாத்திரம் உருவாக்கிக் கொடுக்க வேண்டும், அதில் நன்றாக இருப்பதையெல்லாம் சேர்த்து சார் சென்னையில் ஒரு கம்பெனிக்கு அனுப்புவார், பிடித்தால் வேலைக்குக் கூப்பிடுவார்கள். சகாயராணி யோசிக்கவே இல்லை, கையைத் தாளில் வைத்ததும் மரகதம் வந்து நின்றுவிட்டாள். கல்யாண மண்டபங்களில் நகை அடிக்கிறவள். உருண்டை முகம், கனத்த தோள், பட்டுப் புடவை, ஒரு காலில் காலிப்பர். எந்த மண்டபத்துக்குள் போனாலும் நீங்க மாப்பிள்ளை வீடா பொண்ணு வீடா என்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். ஐயோ பாவம் என்று ஓடிவந்து முதல் வரிசையில் நாற்காலி போடுவார்கள், ஜூஸ் கொண்டுவந்து கொடுப்பார்கள், தாலி கட்டுகிற நேரத்தில் பக்கத்து நாற்காலிக்காரி தன் கைப்பையை அவளிடம் கொடுத்து, கொஞ்சம் பாத்துக்கங்க என்று மேடைக்குப் போவாள். போலீஸ் வந்து அடையாளம் கேட்டால் எல்லாரும் காலைச் சொல்வார்கள், முகத்தை ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது. சகாயராணிக்கு அவளை அவ்வளவு பிடித்துப்போயிற்று. முதலில் வெறும் கறுப்பில் வடிவத்தை மட்டும் நிரப்பிக் காட்ட வேண்டும், கண் மூக்கு எதுவும் இல்லாமலே தூரத்திலிருந்து பார்த்தால் யார் என்று தெரியவேண்டும், அதுதான் பரீட்சை. அந்தக் கறுப்பு உருவத்தைப் பார்த்ததும் சார் கையைத் தட்டிவிட்டார். “செம அக்கா. கூட்டத்துல நிறுத்தினாலும் இவ தனியாத் தெரிவா. என்னா ஒரு சாய்வு.” அடுத்த வாரம் உள்ளே விவரம் போட்டுக் கொண்டுபோனாள், பட்டை, கம்பி, முட்டி வளையம், பூட்ஸ். சார் தாளைக் கிட்டே இழுத்துக்கொண்டார். “கால் ஏன்கா இப்படி? கதைல ஏதாச்சும் காரணம் இருக்கா?” “காரணம் எதுக்கு சார்? காய்ச்சல் வந்துச்சு.” “இல்ல, பாக்கறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். அதுவும் திருடின்னா ஓட வேணாமா?” “ஓடறவளத்தான் சார் புடிப்பாங்க.” தர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சார் சிரிக்கவில்லை, நல்ல மனுஷர், வருத்தமாகத்தான் சொன்னார். “ரெண்டு காலும் நல்லா இருக்கற மாதிரி ஒண்ணு போட்டுக் குடுங்கக்கா. அதைத்தான் அனுப்ப முடியும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு.” ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. மரகதம் அப்படியே பைக்குள் இருக்கிறாள், அவளுடைய ஸ்டூலுக்குக் கீழே.

நல்லா இருக்கற மாதிரி. ஒரு வாரமாக அந்தச் சொல் பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி உறுத்திக்கொண்டிருக்கிறது, நாக்கு அங்கேயே போகிறது. இதே சொல்லைப் பாலக்கரையில் அவள் வேலை பார்க்கிற பிளக்ஸ் கடையிலும் தினம் கேட்கிறாள். காதணி விழா, பூப்பு நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் போட்டோவைக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் நல்லா இருக்கற மாதிரி பண்ணிக் குடுங்க. பண்ணிக் கொடுப்பாள். வட்டச் செயலாளருக்குத் தொப்பையை உள்ளே தள்ளியிருக்கிறாள், செத்துப்போன பெரியவருக்கு முன்பல் வைத்திருக்கிறாள், சடங்கான பிள்ளைகளையெல்லாம் பாலில் முக்கி எடுத்திருக்கிறாள். நீ மட்டும் யோக்கியமா என்று அந்த ஆணி கேட்கிற மாதிரி இருக்கிறது. கேட்கட்டும், பதில் இருக்கிறது. அவர்கள் கேட்டார்கள். நான் கேட்கவில்லை. என் காலை நிமிர்த்திக் கொடு என்று நான் யாரிடமும் போட்டோ கொடுத்ததில்லை. கொடுப்பதற்கு முதலில் நிற்கிற போட்டோ ஒன்று இருக்க வேண்டுமே. சின்ன வயதில் சர்ச்சில் முதல் நற்கருணை, அதாவது புதுநன்மை, வாங்கியபோது மற்றப் பிள்ளைகளெல்லாம் வெள்ளைக் கவுனும் கையில் மெழுகுதிரியுமாகப் பீடத்துக்கு முன்னால் நின்றார்கள், இவளுக்கு மட்டும் சாமியார் உட்காருகிற நாற்காலி. பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில் டீச்சர்களோடு முன் வரிசையில் நாற்காலி. தலைமையாசிரியை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பொண்ணு பார்க்க அனுப்பிய போட்டோவில் நாற்காலி, மடியில் ஒரு பிளாஸ்டிக் ரோஜாக் கொத்து, அந்தக் கொத்தை ஸ்டூடியோக்காரர் முட்டி வரைக்கும் இழுத்துவிட்டார். அந்தப் போட்டோவைப் பார்த்துச் சம்மதம் சொன்னவர்கள் நேரில் வந்து காபியைக் குடித்துவிட்டு, போய்ப் பேசிட்டுச் சொல்றோம் என்று போனார்கள், இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் போல. எல்லாம் பாசத்தில் போட்ட நாற்காலிகள். ஒருத்தர்கூட வெறுப்பில் போடவில்லை, அதுதான் சங்கடம், வெறுப்பில் போட்டிருந்தால் காலால் தள்ளிவிட்டுப் போயிருக்கலாம். இடது தொடை நடுங்க ஆரம்பித்திருக்கிறது.

நடுங்கினால் என்ன. எடை தாங்குகிற கால் கொஞ்சம் முனகத்தான் செய்யும், அதற்கும் ஒரு நாக்கு இருந்திருந்தால் இந்நேரம் ஊரைக் கூட்டியிருக்கும். மேலே மின்விசிறி நின்றுவிட்டது, கரண்ட் போயிருக்கிறது, ஜன்னல் வழியாக வெயில் மட்டும் வருகிறது. பட்டைக்குள் வேர்வை. தொடைப் பட்டையின் பக்கிள் ஓரம் சதையைக் கடிக்கிறது, ஒரு விரலை விட்டுத் தளர்த்தினால் சொர்க்கம், தளர்த்தக் கூடாது. விழுந்துவிட்டால்? வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்த நினைப்பு வந்தேவிட்டது. இங்கே, இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மர மேடையின் விளிம்பில் பூட்ஸ் வழுக்கி. போன மழைக்காலத்தில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் விழுந்தாள். விழுந்தது வலிக்கவில்லை. உடனே நாலு பேர் வந்து, எந்தப் பக்கம் தூக்கணும் என்று ஒரு வார்த்தை கேட்காமல், அரிசி மூட்டையை லாரியில் ஏற்றுகிற மாதிரி கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கினார்கள், அதில் முட்டிப் பூட்டு கழன்று மறுபடி விழுந்தாள், மறுபடியும் தூக்கினார்கள். ஒரு நிமிஷம் விடுங்க, நானே எழுந்துக்குவேன் என்று இவள் சொன்னது ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. ஒரு அம்மாள் பையிலிருந்து வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பழத்தை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு பஸ் வரும்வரை அழுதாள், கோபத்தில். இங்கேயும் அப்படித்தான் ஓடிவருவார்கள். தர்ஷினி அழுவாள். சார், சொன்னேன்ல அக்கா என்று சொல்லமாட்டார், ஆனால் நினைப்பார். அதோடு முடிந்தது, மரகதத்துக்கு வேறு கால் போட்டுக் கொடுத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார வேண்டியதுதான். அதனால் விழக் கூடாது. இது வீம்பு என்று அம்மா சொல்வாள். எதற்கெடுத்தாலும் வீம்பு, பஸ்ஸில் சீட் வேண்டாம் என்றால் வீம்பு, மாடியேறிப் பார்க்கிற வேலைக்குப் போனால் வீம்பு, இந்த வயசில் பொம்மை வரையப் போனால் வீம்பு. ஆமாம், வீம்புதான், அதிலென்ன குறைச்சல். கால் இல்லாத இடத்தில் வேறு எதை வைத்து நிற்கச் சொல்கிறாள். காலிப்பருக்குக் கம்பி எப்படியோ அப்படித்தான் எனக்கு வீம்பு, கழற்றி வைத்துவிட்டு நடந்து காட்டு என்றால் நடக்க முடியாது. இப்போது நடுக்கம் இடுப்பு வரை ஏறிவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டாள், பல்லைக் கடிப்பதும் அசைவுதானா என்று தெரியவில்லை. சுற்றிலும் பார்க்க ஆசையாக இருக்கிறது. எத்தனை ஜோடிக் கண்கள் இந்தக் காலின் மேல் இருக்கின்றன. வழக்கமாக ஒரு பார்வை வந்து காலில் விழுந்து, சுட்டுக்கொண்ட மாதிரி துள்ளி, கடைக்கு, போர்டுக்கு, வானத்துக்கு ஓடிவிடும், அதை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். இன்றைக்கு ஓட முடியாது, பார்த்தால்தான் வரைய முடியும். அதற்காகத்தான் ஏறினாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஒரு கூட்டம் மனுஷர்கள் நிதானமாக உட்கார்ந்து, துள்ளாமல், பட்டை எங்கே, கம்பி எங்கே, பூட்ஸ் எத்தனை கனம் என்று கணக்காகப் பார்க்கட்டும். பார்த்துவிட்டால் அப்புறம் அது ஒரு கால், அவ்வளவுதான். அலாரம் அடித்தது.

இறங்கும்போது தர்ஷினி கை கொடுக்க எழுந்தாள், வேண்டாம் என்று தலையை அசைத்தாள், அசைக்கலாம் இனி. மூக்கைச் சொரிந்தாள், முதலில் அதைத்தான் செய்தாள். அப்புறம் வழக்கப்படி, நின்றவர்தான் முதலில் சுற்றிவந்து எல்லார் படத்தையும் பார்க்க வேண்டும், பார்க்கப் போனாள். ரியாஸின் தாளில் பெரிய பெரிய கண்கள், கண்ணுக்குள் இரண்டு நட்சத்திரம், காற்றில் பறக்கிற முடி. முட்டிக்கு மேலேயே தாள் முடிந்துவிட்டது. “கண்ணுலேர்ந்து ஆரம்பிச்சேன்க்கா, கீழ வரும்போது இடம் பத்தல” என்றான். புதிதாக வரைகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இது, முகத்தின்மேல் உள்ள ஆசையில் அதைப் பெரிதாகப் போட்டுவிடுவார்கள், காலுக்கு இடம் இருக்காது. சரி, அடுத்தது. கீர்த்தனா தரை வரைக்கும் ஒரு பாவாடை போட்டிருக்கிறாள், மடிப்பு மடிப்பாக, நல்ல பாவாடைதான், யாருடையது என்று தெரியவில்லை. அடுத்த தாளில் கால் இருக்க வேண்டிய இடத்தில் கன்னாபின்னாவென்று நிழல். அதற்கடுத்ததில் இடுப்போடு நிறுத்திவிட்டு முகத்தையே இரண்டாவது தடவை பக்கத்தில் போட்டிருக்கிறது. தர்ஷினியிடம் வந்தாள். தர்ஷினிதான் இந்த வகுப்பிலேயே நன்றாக வரைகிறவள். முகம் அச்சு அசல், மேலுதட்டு மச்சம் வரைக்கும். தோள் இரண்டும் சமம். இடுப்பு இரண்டும் சமம். கீழே இரண்டு கால், ஒரே அளவு, ஒரே மாதிரி, பட்டை இல்லை, கம்பி இல்லை, இரண்டிலும் அழகான வார் வைத்த செருப்பு. சார் சொன்ன அந்தப் பரேடு போலீஸ், அப்படியே. “நல்லா இருக்காக்கா?” என்று கேட்டாள் தர்ஷினி, அந்தப் பெண்ணின் கண்ணில் ததும்பிய பிரியத்தைப் பார்த்தால் கல்லும் ஆமாம் என்று சொல்லிவிடும். காலைப் பார்த்து முகத்தை மறந்துவிடுவார்கள் என்று சகாயராணி ஒரு திருடியையே உருவாக்கி வைத்திருக்கிறாள், இவர்கள் காலையே பார்க்கவில்லை. இத்தனை நேரம் இவள் கொடுத்த காலை ஒருத்தர்கூட வாங்கிக்கொள்ளவில்லை. அழுகை வந்தது, அதை முந்திக்கொண்டு கோபம் வந்தது, கோபத்துக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். நல்லா இருக்கு தர்ஷினி என்று சொல்லிவிட்டு, கீழே போய் ஆளுக்கொரு பப்ஸ் சாப்பிட்டுவிட்டு, சிரித்துப் பேசி வீட்டுக்குப் போய்விடலாம். எல்லாருக்கும் நிம்மதியாக இருக்கும். வாழ்க்கை முழுக்க அதைத்தான் செய்திருக்கிறாள், நாற்காலி போட்டவர்களுக்கெல்லாம் தேங்க்ஸ் சொல்லியிருக்கிறாள். “மூஞ்சி நல்லா இருக்கு” என்றாள். “கால் யாரோடது?” தர்ஷினியின் முகம் சுருங்கிப்போனது. “இல்லக்கா, உங்களுக்கு ஒரு மாதிரி இருக்குமேன்னுதான்.” “எனக்கு ஒரு மாதிரி இல்ல தர்ஷினி. எனக்கு இதான் மாதிரி.”

எப்போதும் மாணவர்களோடு சேர்ந்து வரைகிற இளங்கீரன் சார் தன் பலகையை மெதுவாக மடியில் கவிழ்த்தார். அவள் போய்க் கையை நீட்டினாள், வேறு வழியில்லாமல் கொடுத்தார். சாய்வு இருக்கிறது. தோள் இறங்கி, இடுப்பு ஏறி, முதுகு வளைந்து, கழுத்துக்குழியிலிருந்து நூல் விட்டால் இடது குதிகாலில் போய் விழும், பிசகில்லை, கைதேர்ந்தவர். ஆனால் வலது காலுக்கு முன்னால் ஒரு பூந்தொட்டி. உயரமான தொட்டி, அதில் பெரிய பெரிய இலையாக ஒரு செடி. “இந்த ரூம்ல பூந்தொட்டி எங்க சார் இருக்கு?” என்று கேட்டாள். யாரோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். “படத்துக்கு ஒரு அமைப்புக்காகப் போட்டேன்க்கா, அந்தப் பக்கம் காலியா…” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. அவருக்குக் காது சிவந்துவிட்டது. பாவமாக இருந்தது, நல்ல மனுஷர்தான், நல்ல மனுஷர்களிடம் கோபப்படுவது எவ்வளவு கஷ்டம். கஷ்டமாக இருந்தால் இருக்கட்டும். “உயிர் வேணும்னா சாயணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க. சாயத் தெரியாதவங்களையெல்லாம் புடிச்சு இடுப்ப ஒடிச்சு சாய வெச்சீங்க. நான் சாஞ்சே வந்து நின்னேன். என்னைய மட்டும் எதுக்கு நிமித்துறீங்க? ஒருத்தர் நிமித்துறாங்க, ஒருத்தர் பாவாடை போடுறாங்க, நீங்க செடி வெக்கிறீங்க.” “உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு…” “என் மனசு நல்லாத்தான் சார் இருக்கு. காலப் பாருங்க.” குரல் கொஞ்சம் பிசிறியது, பிசிறினால் பிசிறட்டும் என்று மேலே போனாள். “மரகதம் பைலதான் இருக்கா. காலிப்பரோடதான் இருக்கா. அனுப்புறதுன்னா அப்படியே அனுப்புங்க. அவங்க வேண்டாம்னாங்கன்னா வேண்டாம்னு சொல்லட்டும், அவங்களா பாத்துட்டுச் சொல்லட்டும். வேற கால் போட்டு அவளை அனுப்ப மாட்டேன். அது அவ இல்ல.” பலகையைத் திருப்பி நீட்டினாள், சார் வாங்கிக்கொண்டார். பூந்தொட்டிப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்தார்கள், அது கிளம்பவில்லை.

“டைம் ஆயிருச்சுக்கா. வகுப்பு முடியற நேரம்” என்றார் கடைசியில், தரையைப் பார்த்து. “கரண்ட்டும் இல்ல.” “வெளிச்சம் இருக்குல்ல.” அவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அப்புறம், முதல் தடவையாக, பார்வையைக் கீழே இறக்கினார், தொடைப் பட்டை, முட்டி வளையம், கம்பி, பூட்ஸ் என்று ஒவ்வொன்றாக, துள்ளாமல். பலகையில் இருந்த தாளைக் கிளிப்பிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் புதுத் தாள் ஒன்றைச் செருகினார். மற்றவர்களும் செருகினார்கள். சகாயராணி இடது காலை மேடையில் ஊன்றினாள், அது ஒரு பாட்டம் உதறியது, உதறி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள், ஒருத்தரும் கை கொடுக்க வரவில்லை, அதுவரைக்கும் நல்லது. வலது காலைத் தூக்கி மேலே போட்டு நிமிர்ந்தாள். தர்ஷினி பென்சிலைச் சீவிக்கொண்டே, மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள். “அக்கா, அந்தக் கம்பி ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?” “ரெண்டு பக்கமும். கிட்ட வந்து பாரு.” தர்ஷினி ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தாள். சார் செல்போனை எடுத்து அலாரம் வைக்கப் போனார். “ஒரு நிமிஷம் சார்” என்றாள் சகாயராணி. பிறகு சுற்றி உட்கார்ந்திருந்த எல்லாரையும் ஒரு தடவை பார்த்துச் சொன்னாள்:

“இந்தத் தடவை கால்லேர்ந்து ஆரம்பிங்க. மூஞ்சிக்கு இடம் இல்லாட்டி விட்டுருங்க.”